பாலையில் என்ன தேடுகிறார்கள்?

வறண்ட நிலத்தைக் கண்டால் உழவன் வானத்தைப் பார்க்கிறான், வாய்க்காலைப் பார்க்கிறான், கிணற்றில் எத்தனை முழத்தில் தண்ணீர் கிடக்கிறது என்று எட்டிப் பார்க்கிறான். அதே வறண்ட நிலத்தைக் கண்டு வேறு சிலர் கண்களை மூடிக்கொள்கின்றனர். கைகளை விரித்து நிற்கின்றனர். உள்ளங்காலில் ஏதோ அதிர்வு ஏறுகிறது என்கின்றனர். 'ஆற்றல் தலம்' என்று அந்த இடத்துக்குப் பெயரும் சூட்டிவிட்டனர். உழவனுக்குத் துன்பமாகத் தெரியும் வறட்சி, ஊர் சுற்ற வந்தவருக்குத் தெய்விகமாகத் தெரிகிறது. மணல்மேடும் மொட்டைப் பாறையும் மருந்தாகும், மகப்பேறு தரும், மனக்கவலை தீர்க்கும் என்று கைப்பேசித் திரையிலே நாள்தோறும் பேசுகிறார்கள். பேசுவோர் எல்லோரும் எழுதப் படிக்கத் தெரியாதவர் அல்லர். பட்டம் பெற்றோர் உண்டு. பதவியில் இருப்போர் உண்டு.

இது நம் நாட்டு நோய் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் செடோனா என்றோர் ஊர் உண்டு. செம்பாறைகள் நிமிர்ந்து நிற்கும் வறண்ட மேட்டு நிலம். 1980-இல் பேஜ் பிரையன்ட் என்னும் அம்மையார் அங்குள்ள பாறைகள் சிலவற்றில் ஆற்றல் சுழல்கிறது என்று அறிவித்தார். 1987 ஆகஸ்டில், கோள்கள் கூடுகின்றன, புதுயுகம் பிறக்கிறது என்று நம்பிய ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டனர். புதுயுகம் பிறக்கவில்லை, புதுவணிகம் பிறந்தது. இன்று ஆற்றல் சுழல்களைக் காட்டுவதற்கென்றே அவ்வூரில் வழிகாட்டிகளும் வண்டிகளும் உண்டு.

அந்த வணிகத்தின் மறுபக்கம் 2009 அக்டோபர் 8-ஆம் நாள் வெளிப்பட்டது. ஜேம்ஸ் ஆர்தர் ரே என்னும் பேச்சாளர், ஏறக்குறைய பத்தாயிரம் டாலர் கட்டணம் பெற்றுக்கொண்டு, அவ்வூருக்கு அருகே ஒரு முகாம் நடத்தினார். கட்டணம் செலுத்தியோரை முப்பத்தாறு மணி நேரம் பாலைவெளியில் பட்டினி கிடக்கச் செய்தார். பிறகு மூடிய கூடாரத்தில், பழுக்கக் காய்ச்சிய கற்களைச் சுற்றி, கொதிக்கும் நீராவியில் உட்கார வைத்தார். மூவர் மாண்டனர், பலர் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டனர். 2011-இல் நீதிமன்றம் கவனக்குறைவால் உயிர் போக்கிய குற்றவாளி என்று அவரைத் தீர்மானித்து, ஈராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பாறையின் ஆற்றல் மூவரையும் காக்கவில்லை. உடலில் நீர் வற்றினால், வெப்பம் மிஞ்சினால், மனிதன் சாவான். பாலை அறிந்த விதி இது ஒன்றே. பணம் கட்டியவருக்கு ஒரு விதி, கட்டாதவருக்கு ஒரு விதி என்று அது வைத்திருக்கவில்லை.

செடோனாவின் பாறை ஏன் சிவந்திருக்கிறது? மணற்கல்லில் கலந்த இரும்பு காற்றோடு சேர்ந்து துருப்பிடித்ததால் வந்த செம்மை அது. நம் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக் காடுகளில் காற்றில் புரளும் மணலின் செம்மையும் அதே இரும்பின் செம்மைதான். அந்தத் தேரியிலும் கோயில் உண்டு. தேரிக்குடியிருப்பில் ஆண்டுதோறும் கள்ளர் வெட்டுத் திருவிழா முடிந்ததும் செம்மணலை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள்; வீட்டில் வைத்தால் வளம், வயலில் தூவினால் விளைச்சல் என்பது நம்பிக்கை. மண் வளமானதுதான் என்றால், அந்த மண்ணின் மேலேயே குடியிருக்கும் மக்கள் ஏன் பனையேறியும் பதநீர் காய்ச்சியும் பாடுபட வேண்டியிருந்தது? அள்ளிச் செல்வோர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

மதுரைக்கு அருகே வந்தால் சதுரகிரி. சித்தர்கள் இன்றும் உலவுகின்றனர், காற்றே மருந்து என்று சொல்லி, அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மக்கள் மலையேறுகின்றனர். 2015 மே மாதம் ஓடைகளில் திடீர் வெள்ளம் பாய்ந்தபோது அங்கேயும் உயிர்கள் போயின. வெள்ளம் பக்தரென்றும் பாராமல் அடித்துச் சென்றது.

ஆற்றல் என்பது அளவுடைய சொல். எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், எவ்வளவு வெப்பம் என்று கேட்டால் கணக்குச் சொல்ல வேண்டும். எந்தக் கருவியிலும் பதியாத, கட்டணம் கட்டியவரின் உள்ளங்காலில் மட்டும் தெரிகிற ஒன்றுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது, அறிவியலின் சட்டையைத் திருடி மூடநம்பிக்கைக்குப் போர்த்துவதாகும்.

"இலக்கியத்தைப் பேச வேண்டிய ஏட்டில் இதைப் பேசுவானேன்?" என்று கேட்கும் நண்பர்க்குச் சொல்லுவோம்: இந்த வழக்கு ஏற்கெனவே தமிழிலக்கியத்தில் பேசப்பட்டிருக்கிறது, தீர்ப்பும் வழங்கப்பட்டிருக்கிறது. வழக்கு நடந்த இடம், மதுரைக்கு வரும் பாதை. வழக்கைப் பதிந்தவர் இளங்கோ. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் தொடங்குவதே அந்தக் காட்சியில்தான். காடுகாண் காதை என்பது அதன் பெயர்.

கோவலனும் கண்ணகியும் சமணத் துறவி கவுந்தியும் உறையூரைக் கடந்து மதுரை நோக்கி நடக்கின்றனர். கோடைக்காலம். இடையில் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்தித்துக் கோவலன் வழி கேட்கிறான். மறையோன் முதலில் சொல்லும் செய்தி பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. அரசனும் அவன் அதிகாரிகளும் நெறி கோணினால் நாடு எப்படிச் சீர்கெடுமோ, அப்படியே வேனிலும் வெங்கதிரும் சேர்ந்து வருத்த, முல்லையும் குறிஞ்சியும் தத்தம் இயல்பு கெட்டுப் பாலையாக மாறிக் கிடக்கின்றன என்கிறான். என்ன தெளிவு! பாலை தனியே படைக்கப்பட்ட மாயநிலம் அன்று; நல்ல நிலம் வாடிய நிலை. அதற்குக் காரணம் வெயில். உவமையாக வந்து நிற்பதோ கெட்ட ஆட்சி. தொல்காப்பியமும் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை என்பதை இங்கே நினைவு கொள்ளலாம். வறட்சியின் காரணத்தை வானத்திலும் ஆட்சியிலும் தேடிய பேரினம் நாம். அதை வழிபட்ட இனம் அல்லோம்.

ஆனால் அதே வாய் அடுத்து வேறொன்று பேசுகிறது. கொடும்பாளூர்ப் பக்கத்து நெடுங்குளத்தருகே வழி மூன்றாகப் பிரியும் என்று கூறும் மறையோன், இடப்பக்கத்து வழியில் திருமால் குன்றம் உண்டு என்கிறான். அது இன்றைய அழகர் மலை. அங்கே ஒரு பிலம். அதனுள் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள். முதலாவதில் குளித்தால் இந்திரன் செய்த இலக்கண நூல் கைவரும். இரண்டாவதில் குளித்தால் முற்பிறப்பு தெரியும். மூன்றாவதில் குளித்தால் நினைத்ததெல்லாம் கிடைக்கும். மந்திரம் ஓத வேண்டும். மும்முறை மலையை வலம் வர வேண்டும். பிலத்து வாயிலில் தோன்றும் தெய்வ மகளின் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். இன்றைய ஆற்றல் தல விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கட்டணத் தொகை ஒன்றுதான் குறைகிறது!

யாரிடம் இதைச் சொல்கிறான் என்பதை எண்ணிப் பாருங்கள். பொருளெல்லாம் இழந்து, காற்சிலம்பு ஒன்றை நம்பி, கால் கொப்பளிக்க நடந்து வரும் ஒரு குடும்பத்திடம் சொல்கிறான். நினைத்ததைத் தரும் பொய்கை என்ற சொல் அத்தகையோர் காதில் எப்படி விழும்! நோயும் கடனும் உள்ள வீட்டையே இத்தகைய விளம்பரம் என்றும் தேடி வருகிறது.

விடை சொன்னவள் கவுந்தி. பிலத்துள் புக வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை என்று தொடங்கி, மூன்று பொய்கைக்கும் மூன்று மறுமொழி தருகிறாள். இலக்கண அறிவா? அது எங்கள் நூலிலேயே விளங்கிக் கிடக்கிறது. முற்பிறப்பா? அதன் பயன் இப்பிறப்பிலேயே தெரியவில்லையா? விரும்பியது கிடைக்க வேண்டுமா? வாய்மை தவறாமல் உயிர்களைப் பேணுவோர்க்குக் கிடைக்காத பொருள் எது? உன் விருப்பத் தெய்வத்தை வணங்க நீ போ. நாங்கள் எங்கள் நெடுவழியில் நடக்கிறோம் என்று முடிக்கிறாள்.

கவுந்தியைப் பகுத்தறிவுவாதி என்று முடிசூட்ட நாம் வரவில்லை. முந்திய காதையில் இருவரை நரியாகுமாறு சபித்தவள் அவள். முதல் மறுமொழியில் அவள் சமயம் பேசுகிறது. ஒரு பொய்கைக்கு மாற்றாக ஒரு வேதத்தை வைக்கிறாள். இரண்டாம் மறுமொழியை நாம் அடியோடு மறுக்கிறோம். இப்பிறப்பின் துன்பம் முற்பிறப்பின் பயன் என்ற அந்த வாதம்தான், ஏழையை ஏழையாகவும் தாழ்த்தப்பட்டவனைத் தாழ்ந்தவனாகவும் காலமெல்லாம் இருத்தி வைக்கப் பயன்பட்டது. சமணத் துறவி வைணவக் குன்றத்தை மறுத்தது சமயப் போட்டிதானே என்பாரும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் பழிச்சொல் ஒன்றும் பேசாமல், வழிபடுவோனைத் தடுக்காமல், தன் வழியைத் தான் தேர்ந்த அந்தப் பண்பு வாதிடுவோர் அனைவரும் கற்கத்தக்கது. மூன்றாம் மறுமொழியோ எச்சமயத்துக்கும் உரியது. எச்சமயமும் இல்லாதவனுக்கும் உரியது. நினைத்ததைத் தரும் பொய்கை என்று ஒன்று இல்லை. உயிரைப் பேணும் கைதான் உண்டு.

அந்த மூன்றாம் மறுமொழியின் பொருளை நமக்கு உணர்த்தியவர் உரையாசிரியர் எவரும் அல்லர். நம் பள்ளி மாணவன் ஒருவன். வலிப்பு நோய் உள்ள பிள்ளை. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கிய வரையில் வகுப்பில் மற்றவரைப் போலவே இருந்தான். அவன் தந்தைக்கு யாரோ ஓர் ஆற்றல் தலத்தைப் பற்றிச் சொன்னார்கள். அங்கே மூன்று இரவு தங்க வேண்டும், உண்ணக் கூடாது, மருந்து தொடக் கூடாது என்பது அழைத்துச் சென்றவர்கள் விதித்த விதி. தாயின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. இரண்டாம் இரவிலேயே பையனுக்கு வலிப்பு வந்தது, அடுத்தடுத்து வந்தது. உறக்கமும் உணவும் இன்றி, மருந்தையும் திடீரென நிறுத்தினால் வலிப்பு மிகும் என்பதை எந்த மருத்துவரும் சொல்வார். அழைத்துச் சென்றவர்களோ, "உள்ளே இருந்த தீமை வெளியேறுகிறது" என்றார்களாம். உயிர் பிழைத்தான். பாறையில் மோதிய பல் இரண்டு போயிற்று. அரையாண்டுத் தேர்வு போயிற்று. அந்தத் தந்தையை நாம் ஏசவில்லை. மகன்மேல் உள்ள அன்பால் போனவர் அவர். அந்த அன்பையே முதலாக வைத்து வாணிகம் செய்தவர்களை என்னென்பது?

இனி, "அங்கே போனேன், உண்மையாகவே உணர்ந்தேன்" என்பாரின் சாட்சியத்துக்கு வருவோம். அவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். இதற்கும் அதே காதையில் விளக்கம் கிடைக்கிறது. நடுவழியில் ஒரு மயக்கும் தெய்வம் உண்டு, பயணிகளைத் தடுக்கும் என்று மறையோன் முன்னரே சொல்லி வைத்தான். அவ்வழியே சென்ற கோவலன், வேட்கை தீர நீர்த்துறையில் நின்றபோது, மாதவியின் தோழி வயந்தமாலை எதிரே தோன்றி அழுகிறாள். அது தெய்வத்தின் மாற்றுருவம் என்று காப்பியம் கூறுகிறது. காப்பிய மரபுக்கு அது பொருந்தும். ஆனால் கதையின் அடுக்கைக் கவனியுங்கள். வெயிலில் நடந்த களைப்பு, தண்ணீர்த் தாகம், விட்டுவந்த மாதவியைப் பற்றிய மனவுறுத்தல், 'இங்கே ஒன்று தோன்றும்' என்று முன்கூட்டியே காதில் போட்ட சொல். இவ்வளவும் சேர்ந்தபின் தோன்றாமல் என்ன செய்யும்? தோன்றியது யார் உருவம்? அவன் நெஞ்சிலே இருந்த உருவம்! மறையோன் சொன்னது நினைவுக்கு வந்த பிறகே அது மாயம் என்று கோவலன் ஐயுறுகிறான் என்பதையும் இளங்கோ மறவாமல் எழுதுகிறார்.

இன்றைய ஆற்றல் பயணத்திலும் இதே முறைதான். முதலில் வழிகாட்டி சொல்கிறார். பிறகு பயணி உணர்கிறார். முன்னரே சொல்லாமல், பெயர்ப்பலகையை எடுத்துவிட்டு, பக்கத்துப் பாறையில் உட்கார வைத்தால் எத்தனை பேர் உணர்வர்? அதைச் சோதித்துப் பார்க்க எந்த வழிகாட்டியும் முன்வருவதில்லை. கண்ணகியைப் பாருங்கள். பாலையில் வாழும் எயினரிடையே சாலினி மருள் கொண்டு ஆடி, கண்ணகியை நாட்டுக்கே தலைமகள் என்பதுபோல வானளாவப் புகழ்கிறாள். கண்ணகி மகிழ்ந்து பூரித்தாளா? இந்த அம்மை ஏதோ அறிவு மயங்கிப் பேசுகிறாள் என்று சொல்லிக் கணவனின் பின்னே போய் நின்றாள். தன்னைப் புகழ்ந்த அருள்வாக்கையே நம்பாத நிதானம் அது.

தனிமையான இடத்தில் மனம் அமைதி பெறாதா என்று கேட்கலாம். பெறும். இரைச்சலை விட்டு விலகி, நடந்து, வியர்த்து, திறந்த வெளியில் உறங்கினால் எவருக்கும் மனம் இலேசாகும். அது ஓய்வின் பயன். கல்லின் அருள் அன்று. மதுரையைச் சுற்றி மாங்குளத்திலும் ஆனைமலையிலும் கீழக்குயில்குடியிலும் அழகர் மலையிலும் சமணத் துறவிகள் வறண்ட குன்றுகளில் வாழ்ந்தனர். அந்தக் குகைகளுக்குப் போகிறவர்கள் அங்கே அதிர்வு தேடுவதை விட்டுக் கல்லைப் படிக்கட்டும். தரையில் வெட்டிய படுக்கைகள் இருக்கின்றன. மழைநீர் உள்ளே வழியாதபடி மேற்பாறையில் காடி வெட்டப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தமிழ் எழுத்தில் கொடையளித்தோர் பெயர்கள் இருக்கின்றன. அழகர் மலைக் கல்வெட்டுகளில் உப்பு விற்றவன், துணி விற்றவன், பொன் வணிகன், உழவர்க்குக் கொழு விற்றவன் எல்லோரும் வருகின்றனர். ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து அவற்றைப் படித்துத் தந்திருக்கின்றனர். மாயப் பொய்கை மூன்றும் எந்த மலையில் இருப்பதாக மறையோன் சொன்னானோ, அதே மலையில் மக்கள் உண்மையிலே விட்டுச்சென்ற அடையாளம், மற்றொருவர் மழையில் நனையாமல் படுக்க அமைத்துக் கொடுத்த கல்!

மதுரையிலிருந்து அழகர் கோயிலுக்குப் போகும் சாலையில் கள்ளந்திரி என்னும் ஊர் வருகிறது. அங்கே ஒரு கால்வாய் குறுக்கிடுகிறது. மலைச்சுனையில் நீராடிப் பலன் பெறப் போகும் பேருந்துகள் அதைக் கடந்துதான் போகின்றன. ஜன்னல் வழியே யாரும் அதைக் கும்பிடுவதில்லை. தாது வருடப் பஞ்சத்தில் தென்னாடு எலும்புக்கூடாய்க் கிடந்தது. அதன் பிறகு, மேற்கே பாய்ந்து கடலில் கலந்த பெரியாற்றை அணைகட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து, வைகைச் சமவெளிக்குத் திருப்பினார்கள். பென்னிகுயிக் தலைமையில் 1895-இல் முடிந்த அந்த வேலையில், காட்டு நோயிலும் வெள்ளத்திலும் மாண்ட கூலித் தொழிலாளர் பலர். அந்தத் தண்ணீர்தான் கள்ளந்திரியில் ஓடுகிறது. மேலூர் வயல் வரை போகிறது. வரும் வழியில் லோயர் கேம்ப்பில் குழாய்களில் இறங்கிச் சுழலிகளைச் சுற்றி மின்சாரமும் தருகிறது. ஆற்றல் சுழல்வதைப் பார்க்க விரும்புவோர் அங்கே போகட்டும்! எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து, எவ்வளவு மின்சாரம் என்று எழுதி வைத்த கணக்கு இருக்கும். நம்பிக்கை இல்லாதவன் வீட்டிலும் விளக்கு எரியும்.

இளைஞர்களே! பாலையைப் புனிதம் என்று போற்றுபவன் பாலையை மாற்றமாட்டான். வறட்சி தெய்விகமானால் கால்வாய் எதற்கு? நோய் தீமையின் வெளியேற்றமானால் மருந்து எதற்கு? இந்தப் பயணங்களால் காசு வீணாகிறது என்பதோடு கேடு நின்றுவிடவில்லை. துன்பத்துக்குக் காரணம் தேடும் பழக்கமே நம் மக்களிடம் அற்றுப்போகிறது. கெட்ட வெயிலும் கெட்ட ஆட்சியும் நிலத்தைப் பாலையாக்கும் என்று பாடிய நாட்டில், பாலையின் நடுவே நின்று அதிர்வு கேட்பது பாட்டனுக்கும் இழுக்கு, பேரனுக்கும் இழுக்கு. உங்கள் ஊரிலிருந்து யாரேனும் நோயாளியை அழைத்துக்கொண்டு இத்தகைய இடத்துக்குப் புறப்பட்டால், அவர்களைப் பழிக்காதீர்கள். கவுந்தியைப் போலக் கனிவாகப் பேசுங்கள். ஆனால் மாத்திரைப் பொட்டலம் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். திரும்பி வரும் வரை தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

தோன்றிய மாயம் விலகிய பின் கோவலன் என்ன செய்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தாமரை இலையிலே தண்ணீர் முகந்து வந்து, களைத்துக் கிடந்த கண்ணகியின் துயர் தீர்த்தான். காடுகாண் காதையில் உண்மையிலே ஒருவரின் துன்பத்தைத் தீர்த்த நீர் அது ஒன்றே. மூன்று பொய்கைகளில் எதிலிருந்தும் அது வரவில்லை.